பூவாயி அக்காவின் நூறு வாட்

மேட்டூர் அணையை மூடிவிடலாம். பூவாயி அக்காவின் கோபத்தில் இரண்டு கம்பியைச் செருகிவிட்டால் சேலம் ஜில்லா முழுக்க விளக்கெரியும். மிச்சக் கரண்டில் தருமபுரிக்காரர்கள் மாவரைத்துக்கொள்ளலாம். பூமி உண்டான நாளிலிருந்து இப்படியொரு கோபம் எங்கேயும் உற்பத்தியானதில்லை. டிசம்பர் மாதத்தில் பனி இறங்காமல் எங்கள் மலையில் நாகலூருக்கு மேலேயே தயங்கித் தயங்கி நிற்கும். மற்றவர்கள் அதற்குக் காற்று, மேகம் என்று ஏதேதோ சொல்வார்கள். எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்குத்தான் நிஜக் காரணம் தெரியும். கீழே அக்கா நிற்கிறாள்.

குயில்காடு எஸ்டேட்டில் பதினோரு வயதிலிருந்து காப்பிப் பழம் பறிக்கிறவள் பூவாயி அக்கா. நான் இதில் சொல்லும் 1987ஆம் வருஷம் அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். அவளுடைய அப்பன் ஆத்தாள் அரூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள். புருஷன் செம்மநத்தத்துக்காரன். லாரியில் கிளீனராகப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்காக அவள் அழுததாக யாரும் சொன்னதில்லை. அவன் விட்டுப்போன சட்டையைக் காப்பிக்காட்டில் பன்றி விரட்டும் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். நிற்காமல் போன நாகலூர் பஸ்ஸை அடுத்த நாள் வழிமறித்து டயரை உதைத்தவள் அவள்தான். பறிக்கிற வரிசையில் ஒரு மேஸ்திரி அவள் இடுப்பில் கை வைத்தபோது, பழக்கூடையை அவன் தலையில் கவிழ்த்து மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். எட்டு நாள் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். மேஸ்திரிக்கு எட்டு நாளும் வேலை இருந்தது. இதை எழுதும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

எழுத்துத் தெரியாது. எண் தெரியும். கூடையைக் கையில் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்றால் தராசும் அதையே சொல்லும். அதனாலேயே எடையும் கூலியும் எழுதும் எங்கள் ரைட்டர் தங்கராஜுக்கு அவளைக் கண்டால் ஆகாது. தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் நாங்கள் வரிசையாக நிற்க, அவர் பேர் போடுவார். அக்காவின் பேர் எப்போதும் கடைசியில்தான் வரும். அவள் பேர் பட்டியலின் நடுவில் இருந்தாலும் சரி.

அந்த வரிசையில் இனிமேல் நிற்கக் கூடாது என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. அதற்கு ஒரு வழியும் வந்தது. கோழி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அருள்சாமி, மலையில் நான்கு பெண்களுக்கு ஆளுக்கு ஐம்பது கோழிக்குஞ்சு கொடுத்தார். பிறந்து ஒரு நாளான குஞ்சுகள். எட்டாம் நாள் வந்து எண்ணுவார். நாற்பதுக்குக் குறையாமல் உயிரோடிருந்தால் அடுத்து இருநூறு குஞ்சு வரும். நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் பேர் அடிபட்டுவிடும். இருநூறு வந்துவிட்டால் அக்கா கோழிக்காரி. ரைட்டர் வேறு யாரையாவது கடைசியில் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

லைன் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த உர ரூமை எஸ்டேட் துரை அவளுக்குக் கொடுத்திருந்தார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏனுங்க, இந்தக் குளிருக்கு எப்படிங்க தாங்கும்?" என்று அக்கா கம்பவுண்டரைக் கேட்டாள்.

"நொம்பச் சுலபம்மா. ஒரு குஞ்சுக்கு ரெண்டு வாட். அம்பது குஞ்சுக்கு நூறு வாட். ஒரு நூறு வாட் பல்பைத் தாழ்வாத் தொங்க விட்டுச் சுத்தி அட்டையைக் கட்டிரு. அதுதான் தாய்க்கோழி."

பல்பைத் தொங்கவிட்டவன் நான். என் பேர் வேடியப்பன். அப்போது வயது பதினாறு. பத்தாவதில் விஞ்ஞானத்திலும் இங்கிலீஷிலும் பெயில். கரண்டு வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஷாக் அடித்தால் பெரிதாக நஷ்டமில்லை என்று நினைத்திருக்கலாம். அதோடு, ரைட்டரின் குடைக்குள் காப்பித் தோலை நிரப்பி வைத்து, அவர் மழையில் குடையை விரித்தபோது ஓடாமல் நின்று பார்த்தவன் என்பதால் அக்காவுக்கு என்மேல் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையில்தான் என்னை வெறும் "டேய்" என்று கூப்பிடுவாள். மற்றவர்களுக்கு அதற்கு முன்னால் வேறொன்று சேர்ந்து வரும்.

முதல் நாள் ஒரு பல்பு. மறுநாள் காலையில் மூன்று குஞ்சு செத்துக் கிடந்தன. மற்றவை பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. குளிர்ந்தால் அப்படித்தான் குவியும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

அக்கா பல்பைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்னடா எழுதியிருக்குது இதுல?"

"நூறுன்னுதாங்கக்கா."

"நூறுன்னா நூறு சூடு குடுக்க வேண்டாமா? பொய் எழுதி விக்கிறானா? எவன்டா அவன்?"

எவன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போயிருப்பாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, "பயப்படாதீங்கக்கா. இன்னொரு நூறு போட்டுருவோம். ரெண்டு நூறு, இருநூறு வாட். குஞ்சுக்கு வேர்த்துரும்" என்றேன்.

எனக்குத் தெரிந்த பெரிய கரண்டு வேலை ஒன்றே ஒன்று. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட். ஒரே கம்பி, அதில் ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்பு, அதிலிருந்து அடுத்தது என்று வரிசையாகப் போகும். அதில் இரண்டு வருஷம் கை வைத்திருக்கிறேன். அக்காவின் ரூமிலும் அப்படியே கட்டினேன். ஸ்விட்சிலிருந்து வந்த கம்பி முதல் பல்புக்குள் போய், அங்கிருந்து இரண்டாவதுக்குள் போய், பிறகு திரும்பியது. கம்பியும் மிச்சமாயிற்று. என் வேலையை நானே இரண்டு அடி தள்ளி நின்று ரசித்தேன். பல்லைக் கடிக்க வேண்டிய இடத்தில் ரசித்திருக்கிறேன்.

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் இரண்டு பல்பும் அணையப்போகும் பீடி மாதிரி சிவந்து நின்றன.

"என்னடா இது?"

"கரண்டு இல்லீங்கக்கா. வோல்டேஜே வரல. பல்பு பாவம், அது என்ன பண்ணும்?"

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். எங்கள் லைன் வீட்டில் யார் கேட்டாலும் அப்படித்தான் நம்புவார்கள். பழம் உரிக்கிற மெஷினுக்கு விரல் தடிமனில் கம்பி போகிறது. அங்கிருந்து அரை மைல் தூரம் எங்களுக்கு வருவது நூல் மாதிரிக் கம்பி. அதிலும் பத்தடிக்கு ஒரு முறுக்கு. முறுக்கில் எல்லாம் துரு. மெஷினுக்கு ஒரு மணி நேரம் கரண்டு குறைந்தால் துரை ஜீப்பில் வந்து நிற்பார். எங்கள் பல்புகள் பிறந்த நாளிலிருந்தே அழுதுகொண்டிருக்கின்றன. யார் வந்தார்கள்?

மறுநாள் காலையில் ஆறு குஞ்சு செத்திருந்தன. மீதி நாற்பத்தொன்று. இன்னும் ஒன்றுதான் போகலாம். இரண்டு போனால் எல்லாம் போயிற்று.

அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறையும் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டு விறுவிறுவென்று ஆபீஸ் பக்கம் நடந்தாள். அங்கே நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான் பிறகு எனக்குச் சொன்னாள். எல்லாரும் பேர் கொடுக்க நின்ற வரிசையைத் தாண்டி நேரே போய், விரித்திருந்த ரெஜிஸ்டர் மேல் ஆறு குஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாளாம்.

"இவங்களுக்கும் பேர் போடுங்க ரைட்டர். வேலைக்கு வந்திருக்காங்க."

"என்ன பூவாயி இது, காலங்காத்தால! எடு, எடு!"

"ஏனுங்க, உங்க ஊட்டுல பல்பு எப்படிங்க எரியுது? வெள்ளையா? செவப்பா?"

"கரண்டை நான் பாக்கெட்டுல வச்சிட்டுத் திரியறனா?"

"பின்ன யாருங்க வச்சிருக்கறது? என்ற ரூமுக்கு மட்டும் கரண்டைக் கொறைக்கச் சொன்னது யாருங்க? நீங்கதான்! நாஞ் சொல்றேன், நீங்கதான்!"

ரைட்டர் எழுந்து நின்றாராம். "வயர்மேன் பெருமாளைக் கூட்டிக்கிட்டு இப்பவே வரேன். மீட்டர் வச்சு அளக்கட்டும். கரண்டு சரியா வந்து, உன் பக்கம் தப்பு இருந்துச்சு, இன்னிக்கே ரூமைக் காலி பண்ணிரணும். இத்தன பேரு சாட்சி."

"அளங்க! வந்து அளங்க!"

அந்த நேரத்தில் நான் உர ரூமில் இருந்தேன். கோபம் எனக்கும்தான். சிவந்து கிடந்த அந்தப் பல்பைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்து, ஒன்றைக் கழற்றி ஆட்டிப் பார்க்கலாம் என்று கையில் துணியைச் சுற்றித் திருகினேன். அது கையோடு வந்தது. மற்றதும் அணைந்தது.

திரும்ப மாட்டினேன். இரண்டும் எரிந்தன. கழற்றினேன். இரண்டும் போயின.

சீரியல் செட்டில் ஒன்று போனால் எல்லாம் போகும். திருவிழாவில் செத்த பல்பைத் தேடி நூறு பல்பையும் நானே தடவியிருக்கிறேன். கோயில் சீரியலில் ஒவ்வொரு பல்பும் ஏன் அத்தனை மங்கலாக எரிகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியதைப் பத்தாவது விஞ்ஞானப் புத்தகம் ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டுச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்துப் பல்புக்கு நான் மீசை வரைந்து வைத்திருந்தேன்.

அடுத்தடுத்து வைத்தால் தடை கூடும். ஒரு பல்பு தடுக்கிறதையே இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்காகத் தடுக்கும். கரண்டு பாதியாகிவிடும். இருக்கிற வோல்டேஜையும் இரண்டு பல்பும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு பல்புக்கும் கால் பங்குச் சூடுதான் கிடைக்கும். இரண்டையும் கூட்டினாலும் ஒரு பல்பு தனியாகக் கொடுத்ததில் பாதி. நான் சூட்டைக் கூட்டவில்லை. முதல் நாள் இருந்ததையும் பாதியாக்கிவிட்டு, கரண்டு மேல் பழியைப் போட்டிருக்கிறேன். அங்கே அவள் என் பேச்சை நம்பி ரைட்டரோடு மல்லுக்கு நிற்கிறாள்.

பாப்பாத்தி ஓடிவந்து, ரைட்டர் பெருமாளோடு கிளம்பிவிட்டார் என்றாள். பெருமாள் எஸ்டேட் வயர்மேன். அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், என் சீரியல் செட் தெரிந்துவிடும். ரூமும் போகும், அக்காவின் மானமும் போகும். பாப்பாத்தியை வாசலுக்கு அனுப்பினேன். பியூஸைப் பிடுங்கினேன். கம்பியைப் பல்லால் கடித்து உரித்தேன். எங்கள் வீட்டுக் கொடிக் கம்பியையும் அறுத்துச் சேர்த்தேன். இரண்டு பல்புக்கும் ஒரு முனையை ஒரு கம்பியிலும் மறு முனையை மறு கம்பியிலும் தனித்தனியே கட்டினேன். பியூஸைச் செருகினேன். இரண்டு பல்பும் மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தன. குவியல் மெல்லக் கலைந்து, ஒரு குஞ்சு எழுந்து சிறகை உதறியது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் தூசு இருந்தது. உர ரூமில் தூசு இருக்கும்.

பெருமாளும் அக்காவும் பின்னால் வர, ரைட்டர் உள்ளே வந்ததும் முதலில் பல்பைத்தான் பார்த்தார். "இதோ நல்லாத்தான எரியுது! என்னமோ ஊரைக் கூட்டினே?"

அக்காவும் பல்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நேத்து எரியல."

"நேத்து எரியலயாம்! பெருமாள், அளய்யா."

பெருமாள் ஹோல்டரில் மீட்டரை வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். "நூத்தி அறுபத்தெட்டுதானுங்க இருக்குது."

"அதனால?"

"இருநூத்தி முப்பது இருக்கணுமுங்க."

ரைட்டர் கையை வீசினார். "அதென்ன, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பல்பு எரியுதில்ல?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ தெரியாது. ஒரு கரித்துண்டை எடுத்துக் கதவில் கணக்கை எழுதிக்கொண்டே சொன்னேன். "ஏனுங்க ரைட்டர், கொஞ்சம் நில்லுங்க. பல்புல போட்ட நூறு, இருநூத்தி முப்பது வோல்ட் குடுத்தாத்தான். இருநூத்தி முப்பதை இருநூத்தி முப்பதால பெருக்கி நூறால வகுத்தா, ஐந்நூத்தி இருபத்தொம்பது ஓம். அது பல்போட தடை. இப்ப இங்க வர்ற நூத்தி அறுபத்தெட்டை நூத்தி அறுபத்தெட்டால பெருக்கி, அந்த ஐந்நூத்தி இருபத்தொம்பதால வகுங்க. அம்பத்தி மூணு. நூறு வாட் பல்பு இங்க அம்பத்தி மூணு வாட்டுதானுங்க. மிச்சத்தை வழியிலயே உங்க கம்பி தின்னுட்டு வருது."

"பத்தாவது பெயிலு, நீ என்னடா கணக்குச் சொல்றது!"

"பெயிலானது நானுங்க. புத்தகம் பாஸ்தானுங்க."

பெருமாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சூடு கொறைஞ்சா பல்புத் தடையும் சித்தக் கொறையுமுங்க. அதனால ஏழெட்டு வாட் கூட வரும். ஆனாப் பையன் சொல்றது சரிதானுங்க. ரெண்டு பல்பு இருந்தா நூத்தி ஏழு. அம்பது குஞ்சுக்கு இதுதான் கணக்கு" என்றார்.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ரைட்டர் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் அவர் எதிரே கைகட்டி நின்ற அத்தனை முகமும் இங்கே கைகட்டாமல் நின்றன. "கம்பியை மாத்தறதுக்குத் துரைகிட்ட எழுதறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ரூமைக் காலி பண்ணும் பேச்சே எழவில்லை.

நான் அங்கே சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் எல்லாமும் இருந்தது. லைன் முழுக்க என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். பாப்பாத்தி எனக்கு மட்டும் ஒரு போண்டா அதிகம் வைத்தாள். தின்றேன். இறங்கவில்லை.

செத்த ஆறையும் அக்கா திரும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துப் புதைக்கச் சொன்னாள். சில்வர் ஓக் மரத்தடியில் ஆறு குழி தோண்டினேன். ஒரே குழியில் போட்டிருக்கலாம். மண் இளகலாக இருந்ததால் ஆறு தோண்டினேன், வேறொன்றுமில்லை. ரூமின் ஜன்னலை அடைத்த கம்பளி என்னுடையது என்று சிலர் சொல்கிறார்கள். அது கிழிந்த கம்பளி. யாருக்கும் வேண்டாதது.

அதற்குப் பிறகு அக்கா என்னைத் திட்டவில்லை. கோழித்தீனி வைத்தாள், தண்ணீர் மாற்றினாள், குஞ்சுகளைத் திட்டினாள், பனியைத் திட்டினாள், கம்பியைத் திட்டினாள். என்னை மட்டும் விட்டுவிட்டாள். நான் வேண்டுமென்றே தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். "பரவால்ல" என்றாள்.

எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அருள்சாமி வந்தார். குஞ்சுகளை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றியபடி வாய்விட்டு எண்ணினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஒன்று தவ்விக் கீழே விழுந்து ஓடியது. அதைப் பிடிக்கப் போய், எண்ணிக்கையை மறந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது எனக்கு. அக்கா அட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் நகம் அட்டைக்குள் இறங்கியிருந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றார். "நாலு பேருல நீ ஒருத்திதான் தேறியிருக்கற பூவாயி. அடுத்த வாரம் இருநூறு வரும். ரூமு பத்துமா?"

"பத்த வைப்பனுங்க."

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினாள். இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கண்ணு, இப்படி வா" என்றாள்.

அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எனக்கும் கதவுக்கும் நடுவில் அவள் இருந்தாள்.

"குஞ்சு எண்ணி முடியட்டும்னுதான் இத்தன நாளு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நாந் திட்டி, நீ கோவிச்சுக்கிட்டு ஓடிட்டா இந்தப் பல்பைப் பாக்க ஆளில்ல. இப்ப ஒரு கணக்குச் சொல்லு சாமி. நீ பெரிய கணக்குப்புலி. மொத நாளு ஒரு பல்பு. அம்பத்தி மூணு வாட்டுன்ன. மூணு குஞ்சு செத்துச்சு. ரெண்டாம் நாளு ரெண்டு பல்பு. உன்ற கணக்குப்படி நூத்தி ஏழு. செத்தது ஆறு. ஏன்டா, சூடு ரெட்டிப்பானாச் சாவும் ரெட்டிப்பாகுமா?"

"அது வந்துங்கக்கா, அன்னிக்கு வோல்டேஜு..."

"வோல்டேஜு கூடினா ஊர்ல எல்லாப் பல்புக்குமில்ல கூடணும்? நான் ஆபீசுக்குப் போறப்பவும் பாத்தேன், ரைட்டரோட திரும்பி வரும்போதும் பாத்தேன். பாப்பாத்தி ஊட்டுப் பல்பு அப்படியேதான் அழுது வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என்ற பல்பு மட்டும் எப்படிடா முழிச்சுக்கிச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். குஞ்சு ஒன்று என் கால் கட்டைவிரலைக் கொத்தியது.

"தலையைத் தூக்குடா. நான் ஒரு மனுஷனை ஊர் முன்னால நீதான்னு கை நீட்டிட்டு வந்திருக்கேன். அந்த ஆறு குஞ்சு செத்த அன்னிக்கு இந்த ரூமுல எத்தன வாட்டுடா இருந்துச்சு?"